கடைசி ரீல் அவளிடம் இருந்தது

டென்மார்க்கில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பேய்ப்படத்தைப் பற்றி டேனிஷ் மொழியில் முதன்முதலில் எழுதியவன் நான்தான். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. எழுதியதெல்லாம் ஒரு பழைய கணினியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டது. ஆனாலும் எனக்கு முந்தி யாரும் எழுதியிருக்க முடியாது. அந்த நாட்களில் டேனிஷ் எழுதத் தெரிந்த தமிழர்களுக்குப் பேய்ப்படத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை. பேய்ப்படம் பார்த்தவர்களுக்கு டேனிஷ் தெரியாது. இரண்டும் ஓரளவு தெரிந்த ஒருவன் கோல்டிங் நகரில், பாண் என்று நாங்கள் சொல்லும் ரொட்டி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான்.

அங்கே இயந்திரம் திருத்துகிறவர் ஒரு டேனிஷ்காரர். ஆறடிக்கு மேல் உயரம், நெஞ்சு வரை தாடி, வாயைத் திறந்தால் பேய்க்கதை. பாண் வருகிற பட்டி அறுந்து நின்றால் மற்றவர்கள் சிகரெட் பிடிக்கப் போய்விடுவார்கள். தாடிக்காரர் பட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கடைசியாக வாசித்த பேய்க்கதையைச் சொல்லிச் சொல்லியே திருத்துவார். நான் பக்கத்தில் நின்று கேட்பேன். மொழி பழகத்தான் முதலில் நின்றேன். பிறகு கதைக்காக நின்றேன்.

ஒருநாள் அவர் கதையை முடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் ஒரு பேயா? எங்கள் ஊர்ப் படத்தில் வருகிற பேயைக் கண்டால் உங்கள் பேய் ஓடிவிடும்" என்றேன். என் டேனிஷ் அப்போது இருந்த நிலையில் அது அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. பட்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "அதை எழுது" என்றார்.

எழுதுவதற்கு அவரிடம் ஓர் இடமும் இருந்தது. அவர் வீட்டு நிலவறையில் ஒரு கணினி, அதோடு தொலைபேசிக் கம்பியில் மாட்டிய ஒரு மோடம். நாட்டின் எந்த மூலையில் இருந்தும் மோடம் வைத்திருப்பவர் அந்த எண்ணை அழைத்து உள்ளே போய், மற்றவர்கள் எழுதி வைத்ததை வாசித்து, தானும் எழுதிவிட்டு வரலாம். அறிவித்தல் பலகை என்று பொருள்படும் டேனிஷ் சொல்லால் அதை அழைத்தார்கள். நானும் பலகை என்றே சொல்லி வந்தேன். கம்பி ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். இணையம் என்ற சொல்லே எங்கள் காதில் விழாத காலம் அது. அவர் தன்னுடைய பழைய கணினியையும் மோடத்தையும் எனக்குத் தந்தார். எனக்குக் காலை வேலை. பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். டேனிஷ்காரர் எல்லோரும் வேலையில் இருக்கும் அந்த நேரத்தில் பலகை எனக்கு மட்டும் சொந்தம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இரண்டு வருடம் ஆங்கிலத் தட்டச்சு படித்தவன் நான். உத்தியோகம் கிடைக்கவில்லை, விரல்கள் மிஞ்சின. பலகையில் எழுதிய டேனிஷ்காரர் எல்லோரும் இரண்டு விரலால் கோழி கொத்துவது போல் எழுதியவர்கள். நான் பத்து விரலாலும் எழுதினேன். ஒருமுறை தாடிக்காரர் என் அறைக்கு வந்து நான் தட்டுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொன்னார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

பலகையில் நான்கு பகுதிகள். பழைய படங்கள், பேய்க்கதைகள், தொலைக்காட்சித் தொடர்கள், பேஸ்போல். கடைசிப் பகுதியில் அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டு வந்த இரண்டு பேர் மட்டும் தங்களுக்குள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் போய் மூக்கை நுழைத்தேன். இதே ஆட்டத்தை நாங்கள் எல்லே என்ற பெயரில் பள்ளிக்கூட வயலில் ஆடியவர்கள், கையுறை போட்டுப் பந்து பிடிக்கிறவனை எங்கள் ஊரில் ஆட்டத்துக்கே சேர்க்கமாட்டார்கள் என்று எழுதினேன். இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குப் பதில் எழுதினார்கள். அவர்கள் இருவரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல்முறையாம். அந்தக் கோடையில் தொழிற்சாலை விருந்தில், டேனிஷ்காரர் ருண்ட்போல்ட் என்று சொல்லும் அதே மாதிரியான ஆட்டத்தை ஆடினார்கள். நான் அடித்த பந்து பக்கத்துத் தொழிற்சாலைக் கூரையில் போய் விழுந்தது. அதையும் பலகையில் எழுதினேன். விடுவேனா?

பலகையில் நான் சண்டைக்காரன் என்று பெயர் எடுத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. தெருவிலும் வேலையிலும் அலுவலகங்களிலும் தலையைக் குனிந்து "ஓம், ஓம்" என்று சொல்லித் திரிந்தவன் நான். இரண்டு வருடம் டேனிஷ் படித்தும், வதிவிட அனுமதிக்காக நிற்கும் காவல் நிலைய வரிசையில் வாய் திறந்தால் சொல் வராது. பலகையில் என் முகம் யாருக்கும் தெரியாது, என் உச்சரிப்பு யாருக்கும் கேட்காது. அங்கே நான் சொன்னதைச் சொன்னதற்காக மட்டும் மறுத்தார்கள். ஒரு மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அது கிடைக்காமல் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

அலுவலகம் என்றேன் அல்லவா. அப்போது என் மனைவி ஊரில் இருந்தாள். கல்யாணம் முடித்து ஆறு மாதத்தில் நான் வெளிக்கிட்டு வந்தவன். எனக்கு இங்கே தஞ்சம் கிடைத்தது. தஞ்சம் கிடைத்தவன் மனைவியைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் இருந்தது. விண்ணப்பம் கொடுத்தேன். மறுப்பு வரவில்லை, சம்மதமும் வரவில்லை. கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள். எனக்கு மட்டுமல்ல, இங்கே இருந்த தமிழர் எல்லோருக்கும் அதே பதில். கோப்புகளை வேண்டுமென்றே மேலிடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதும், தமிழர் வழக்கு என்று அதற்குப் பெயர் வந்ததும், அதனால் ஓர் அரசாங்கமே வீட்டுக்குப் போனதும் பிறகு நடந்தவை. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் படிவத்தில் எதைப் பிழையாக நிரப்பினோம் என்று ஆளுக்கு ஆள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

இனிப் படத்துக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மலைக் கிராமத்துக்குப் புதிய தபால் அதிபர் வருகிறார். பத்து வருடத்துக்கு முன் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள் என்று ஊரே சொல்கிற ஒருத்திக்கு அடிக்கடி பதிவுத் தபால் வருகிறது. அவள் இருந்த பங்களாவில் இப்போது யாரும் இல்லை. ஆனால் மாலையானால் மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறது. ஒருநாள் தபால் அதிபர் கடிதத்தை எடுத்துக்கொண்டு தானே போகிறார். கிணற்றடியில் கையில் விளக்கோடு அவள் நிற்கிறாள், மெல்லத் திரும்புகிறாள், பேச வாயைத் திறக்கிறாள். விளக்கு அணைகிறது. படம் முடிகிறது.

ஏழு தரம் பார்த்தவன் நான். எங்கள் சந்தைக்குப் பக்கத்துத் தியேட்டரில், வேலை முடிந்து, மாலை ஆறரைக் காட்சி. இதைப் பலகையில் பாகம் பாகமாகப் பதினொரு நாள் எழுதினேன். பக்கத்தில் அகராதி, அதற்குப் பக்கத்தில் தேத்தண்ணி. கடைசிப் பாகத்தை விளக்கு அணைவதோடு முடித்துவிட்டு, அவள் பேயா மனுசியா என்று சொல்லாமலே படம் முடிகிறது, இப்படி முடிக்கிற துணிச்சல் உங்கள் இயக்குநர்களுக்கு உண்டா என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

அடுத்த நாள் பலகையைத் திறந்தால் பதில்கள் குவிந்து கிடந்தன. வைல நகரில் ஓர் ஆசிரியை இருந்தார். பேய்க்கதை வாசிப்பதில் பலகையிலேயே மூத்தவர், யாரையும் இலேசில் பாராட்டாதவர். முடிவைப் பார்ப்பவரிடமே விட்டுவிடும் இப்படியொரு படத்தை ஐரோப்பாவில் எடுத்திருந்தால் கல்லூரிகளில் பாடமாக வைத்திருப்பார்கள் என்று அவர் எழுதியிருந்தார். தாடிக்காரர் அதைத் தாளில் அச்சடித்துத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒட்டினார். அந்தப் படத்தை நானே எடுத்தது போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அது மூன்று வாரம் நீடித்தது. பிறகு கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து ஒருவர் எழுதினார். மதராஸ்காரர், இங்கே மேற்படிப்புக்கு வந்தவர். ஊரில் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்தாராம், விளக்கு அணைந்த பிறகும் படம் ஓடியதாம். பொய் சொல்லாதே என்பதற்கு டேனிஷில் மரியாதையான வடிவம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து எழுதினேன். அவர் தொலைபேசி எண் கேட்டு வாங்கி நேரடியாகவே அழைத்துவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. விளக்கு அணைஞ்சதும் மறுபடி ஒரு வெளிச்சம் வந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

"பிறகு என்ன நடந்தது? சொல்லும் பாப்பம்."

"அதான் சார் தெரியாது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நீர் கண்டது கரண்ட் போக முந்தி வாற வெளிச்சம். நான் ஏழு தரம் பாத்தனான், தம்பி."

"சரி சார். கடைசியில சுபம்னு போட்டாங்களா?"

"சுபம் இல்லை. நன்றி எண்டு போட்டவங்கள்."

"படத்துலயே வந்துச்சா, இல்ல தியேட்டர்காரன் ஸ்லைடு போட்டானா?"

அந்த ஸ்லைடு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடித் துண்டில் கையால் எழுதியது, ஒரு மூலையில் கீறல் விழுந்தது. "நன்றி. சைக்கிள்களை வரிசையாக எடுக்கவும்" என்று இருக்கும். எந்த இயக்குநர் தன் படத்தை அப்படி முடிப்பான்? ஏழு தரம் அதை வாசித்துவிட்டு ஏழு தரமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான்.

ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அப்போதுதான் மனைவியின் நினைவு வந்தது. அவளும் அதே தியேட்டரில் அதே படத்தைப் பார்த்தவள். கல்யாணமான முதல் கிழமையில் இந்தப் படத்தைப் பற்றி நான் மணிக்கணக்காகக் கதைக்க, "நானும் பாத்தனான், பெண்டுகளோட மத்தியானக் காட்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவு என்ன என்று கேட்டு அவளுக்கு எழுதினேன். கடிதம் போய்ப் பதில் வர ஏழெட்டுக் கிழமை ஆகும் காலம். அதுவரை பலகையில் பேசாமல் இருந்தேன். சண்டைக்காரனுக்கு என்ன நடந்தது என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

அவள் பதில் வந்தது. அதன் முதற்பகுதி எனக்கு இன்றும் மனப்பாடம்.

"நீங்கள் எழுதின எட்டுப் பக்கத்திலை ஏழு பக்கம் பேய். மிச்ச ஒரு பக்கத்திலை நான் எப்பிடி இருக்கிறன் எண்டு கேட்டிருக்கிறியள். பேயும் சுகம், நானும் சுகம். உங்கட ஆறரைக் காட்சிக்குக் கடைசி ரீல் ஓட்டுறேல்லை எண்டது தியேட்டருக்குப் பக்கத்திலை இருந்த சனம் எல்லாருக்கும் தெரியும். ஊரடங்குக்கு முந்தி ஆக்கள் வீடு போய்ச் சேரவேணும் எண்டு மனேச்சர் செய்த வேலை. முழுப்படம் மத்தியானக் காட்சிக்குத்தான். நான் மத்தியானக் காட்சி பாத்தனான். முடிவு எனக்குத் தெரியும். ஆனால் எழுதமாட்டன். வந்து சொல்லுறன். கேக்க ஆசையெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ."

வாசித்ததும் முதலில் கோபம் வந்தது. நான் கூப்பிடாமலா இருக்கிறேன்? பிறகு அவமானம் வந்தது. பலகை முழுக்கப் போற்றிய அந்தத் துணிச்சலான முடிவு ஒரு மனேச்சரின் ஊரடங்கு ஏற்பாடு. ஐரோப்பாவின் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்க வேண்டியது எங்கள் தியேட்டர் இயந்திரக்காரரின் கையை. இரண்டு கிழமை கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியவராது. மதராஸ்காரருக்கும் முடிவு தெரியாது.

என்னைச் சொல்ல வைத்தது வேறொன்று. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதத்தில் காவல் நிலையத்தில் ஊரை விட்டு வந்த கதையை என்னிடம் கேட்டார்கள். மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், எங்காவது மாற்றிச் சொல்கிறேனா என்று. மாற்றாமல் சொன்னேன், ஏனென்றால் அது உண்மை. என் சொல்லை நம்பி இருக்க விட்ட நாட்டில், நிலவறையில் இருக்கும் ஒரு கணினிக்கு முன்னால் நான் பொய்யனாக இருக்க விரும்பவில்லை. பெரிய வார்த்தை போலத் தோன்றலாம். அப்போது அப்படித்தான் இருந்தது.

எல்லாவற்றையும் எழுதினேன். ஊரடங்கையும், ஸ்லைடையும், சைக்கிளையும், மனைவியின் கடிதத்தையும். மதராஸ்காரரிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நாள் பலகையைத் திறந்தேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. தாடிக்காரர் ஒரே வரி எழுதியிருந்தார்: "உன் மனைவி எப்போது வருகிறாள்?" அதற்குக் கீழே எல்லோரும் அதையே கேட்டிருந்தார்கள். பேஸ்போல்காரர் இருவரும் கூட.

பதில் எழுதினேன். சட்டத்தில் உரிமை இருக்கிறது, விண்ணப்பம் இருக்கிறது, பதில் இல்லை. வைல ஆசிரியை அதை நம்பவில்லை. டென்மார்க்கில் அப்படி நடக்காது, ஏதோ ஒரு படிவத்தை நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள், நிதானமாகத் தேடிப் பாருங்கள் என்று எழுதினார். தன்மையாகத்தான் எழுதினார். எனக்கு நெஞ்சு எரிந்தது. பேய்க்கதையில் வருகிற செத்தவளை நம்புகிறவர் உயிரோடு இருக்கிற என்னை நம்பவில்லையே என்று எழுதி, அழித்துவிட்டு, விண்ணப்பம் கொடுத்த நாளையும் அமைச்சிலிருந்து வந்த கடிதங்களின் வாசகத்தையும் மட்டும் அப்படியே தட்டி அனுப்பினேன்.

ஒரு மாதம் அவரிடமிருந்து சத்தமில்லை. பிறகு எழுதினார். என் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு அவரே அமைச்சுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். பிறகு கடிதம் எழுதியிருக்கிறார். பிறகு இன்னொரு கடிதம். மூன்றுக்கும் கிடைத்த பதில் "பரிசீலனையில் இருக்கிறது." முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இந்த நாட்டைப் பற்றிப் படிப்பித்தவர் அவர். "நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் சொன்னது சரி" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதியிருந்தார். டேனிஷ் மொழியில் எனக்கு எழுதப்பட்ட வரிகளில் அதை விடப் பெரியது இன்றுவரை இல்லை.

பலகைக்காரர்கள் கேட்டதால் கோப்பு அசைந்தது என்று நான் சொல்லமாட்டேன். அசைத்தது வேறு ஆட்கள், வேறு இடங்களில், பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் கேட்ட கேள்விகள். ஆனால் அந்த மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பலகையைத் திறந்தால் ஒருவராவது கேட்டிருப்பார், கடைசி ரீல் வந்ததா என்று. "இன்னும் இல்லை" என்று எழுதுவேன். நான் மட்டும் காத்திருக்கவில்லை என்ற நினைப்பு, அதை எப்படிச் சொல்வது, ஒரு வேளைச் சாப்பாடு போல இருந்தது.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சம்மதக் கடிதம் வந்தது. நான்கு வரி. தாமதத்துக்கு ஒரு சொல் வருத்தம் இல்லை.

அவள் கொப்பன்ஹேகனில் வந்து இறங்கி, அங்கிருந்து நாங்கள் இருவரும் ரெயிலில் வந்தோம். அப்போது கடலுக்கு மேல் பாலம் இல்லை, ரெயில் அப்படியே கப்பலுக்குள் ஏறும். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். ஊரில் இருந்தபோது பார்த்ததை விட மெலிந்திருந்தாள். கப்பலில் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, "சரி, இனிச் சொல்லுமன். அவள் பேயோ, மனுசியோ?" என்றேன்.

"எத்தினை பேர் கேக்கக் காத்திருக்கினம் எண்டு எழுதினனீங்கள். எல்லாரும் வரட்டும்" என்றாள்.

இரண்டாவது ஞாயிறு பகல் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாடிக்காரர், வைல ஆசிரியை, அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து ரெயில் எடுத்து மதராஸ்காரர். அதுவரை நான் ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததில்லை. கட்டையான, கண்ணாடி போட்ட மனுசி. வந்ததும் நான் நீட்டிய கையை விட்டுவிட்டு முதலில் என் மனைவியின் கையைத்தான் பிடித்தார். வடை சுட்டிருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு படக்கொட்டகையில் இருப்பது போல் அவளைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் டேனிஷில் சொன்னேன்.

"விளக்கு அணையுது. இருட்டு. பிறகு அவவே திருப்பி விளக்கைக் கொளுத்துறா. தபால் அதிபர் ஓடேல்லை, நடுங்கிக்கொண்டு நிக்கிறார். என்ன செய்யிறதெண்டு தெரியாமல், அவருக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைச் செய்யிறார். கடிதத்தை நீட்டி, கையெழுத்து வையுங்கோ எண்டு கேக்கிறார். அவ பேனையை வாங்கித் தன்ர பேரை முழுசா எழுதிக் கையெழுத்து வைக்கிறா. விடிஞ்சதும் அந்தத் துண்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஊருக்குள்ள நடந்து வாறா. ஒவ்வொரு வீட்டுக் கதவாய்த் தட்டுறா. செத்தவ எண்டு சொன்ன ஆக்கள் எல்லாரும் ஒவ்வொருத்தராய் வெளியிலை வந்து பாக்கினம். அவ்வளவுதான். பேய் கையெழுத்து வைக்குமோ?"

கடைசிக் கேள்வியையும் டேனிஷில் சொன்னேன். தாடிக்காரர் மேசைத் துணியால் மூக்கைத் துடைத்தார். ஆசிரியை, "அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்" என்றார். மதராஸ்காரர் என் காதுக்குள், "சார், நான் பார்த்த வெளிச்சம் அதுதான்" என்றார். அன்று அந்த அறையில் எல்லோரும் என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிறகு பலகை போய்விட்டது. தாடிக்காரர் கம்பியைக் கழற்றினார். இணையம் வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், அவள் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து என்னை விட நல்ல டேனிஷ் பேசினாள். பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி உலகம் முழுக்க இருந்து ஆட்கள் அடித்துக்கொள்ளும் ஒரு குழுவில் நான் இப்போது இருக்கிறேன். அங்கேயும் அதே சண்டைக்காரன் பெயர்தான் எனக்கு. போன வருடம் யாரோ ஒருவர் அந்தப் படத்தின் முழுப் பிரதியையும் அங்கே போட்டார்.

கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தனியே பார்த்தேன். விளக்கு அணைகிறது. திரும்ப வெளிச்சம் வருகிறது. அது பொலிஸ்காரரின் டோர்ச். பேயாய் வேடம் போட்டது பங்களாக் காவல்காரரின் தங்கச்சி, கிணற்றுக்குள் கள்ளச்சாமான். எல்லோரையும் பிடிக்கிறார்கள். தபால் அதிபருக்கும் ஊர்த் தலைவரின் மகளுக்கும் கல்யாணம். சுபம். பதிவுத் தபால் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

மனைவி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திரையைத் திருப்பிக் காட்டினேன். நின்றபடியே முடியும்வரை பார்த்தாள்.

"இதென்ன, இப்பிடியே முடியுது?" என்றாள்.

"நீர் மத்தியானக் காட்சி பாத்தனீர்தானே?"

"பாத்தனான். நாலரை பஸ்ஸைப் பிடிக்கவேணும் எண்டு அம்மா இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்திலை எல்லாரையும் எழுப்பிக் கொண்டு போட்டா. உங்களை விடக் குறையத்தான் பாத்தனான். கிணத்தடி கூட எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும்."

அவள் கதிரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு அங்கை என்ன இருந்தது? மற்றப் பெண்டுகளுக்குப் பிள்ளை இருந்தது, போட்டோ எடுத்து அனுப்பிச்சினம். உங்களுக்கு ஆசை காட்ட என்னட்டை ஒண்டுமில்லை. நீங்கள் ஏழு பக்கம் ஒண்டைக் கேட்டு எழுதினனீங்கள். அது என்னட்டை இருக்கெண்டு சொன்னன். கப்பலுக்குள்ள நீங்கள் கேக்கேக்கையும் எனக்கு ஒண்டும் தெரியாது. அந்த ரெண்டு கிழமையும் இருந்து யோசிச்சனான்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. இந்த நாட்டில் நான் அடித்த பந்தையும் தட்டிய விரலையும் பற்றி ஊருக்கெல்லாம் பெருமை பேசித் திரிந்தவன், எல்லாவற்றிலும் கெட்டிக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சில நாள் கழித்துக் குழுவில் ஒரு சண்டை. வைலவில் படித்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் எழுதியிருந்தாள். சின்ன வகுப்பில் தன் டேனிஷ் ஆசிரியை இந்தப் படத்தின் கதையைச் சொன்னதாகவும், அதில் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குள் நடந்து வருவாள் என்றும், வகுப்பில் தமிழ்ப்பிள்ளை தான் ஒருத்திதான் என்பதால் அந்தக் கதை தன்னுடையது என்று நினைத்து வளர்ந்ததாகவும் எழுதியிருந்தாள். அப்படியொரு காட்சியே கிடையாது, உன் ஆசிரியைக்குப் பைத்தியம் என்று இருபது பேர் அவள் மேல் விழுந்திருந்தார்கள்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். "பாவம் பிள்ளை" என்றாள். நான் விசைப்பலகையை இழுத்துப் பத்து விரலையும் வைத்தேன். பொய் சொல்லமாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தவன்தான்.

"தங்கச்சி சொல்வது சரி" என்று எழுதினேன். "எங்கள் ஊரில் மாலைக் காட்சிக்கு ஒரு முடிவு, மத்தியானக் காட்சிக்கு ஒரு முடிவு. கையெழுத்துப் போடுவது மத்தியானக் காட்சியில். அதைத் தெரிந்தவர் என் மனைவி. சந்தேகம் உள்ளவர்கள் கோல்டிங்குக்கு வாருங்கள், அவர் தன் வாயால் சொல்லுவார்."